ஸ்டெம் செல்லின் எரிபொருளும் செடிகளின் நஞ்சும்

நம் உடலில் நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதன் பிறகு மண்ணீரலும் கல்லீரலும் அதைச் சிதைத்துவிடும். ஆக, பிறந்தது முதல் கடைசி மூச்சு வரை இந்த உற்பத்தி ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. இவ்வளவுக்கும் மூலமாக இருப்பவை எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள். பாடப்புத்தகத்தில் குருத்தணு என்று படித்திருப்பீர்கள். மஜ்ஜையில் 10,000 செல்களை எடுத்தால் அதில் ஒன்று தேறுவதே அரிது.

1961-ல் கனடாவின் டொரோண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லக் என்ற இரு ஆய்வாளர்கள், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்துபோன எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். சில நாளில் அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் தென்பட்டன. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகியது என்று பின்னர் நிரூபணமானது. ஒற்றைச் செல் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும் செய்கிறது, பல வகை ரத்த அணுக்களாக மாறவும் செய்கிறது. இந்த இரண்டு திறமையும் சேர்ந்திருந்தால் அது ஸ்டெம் செல். ரத்தத்தில் மட்டுமல்ல, மூளை, தோல், குடல், தசை, எலும்பு என்று பல இடங்களில் அந்தந்தத் திசுவுக்கான ஸ்டெம் செல்கள் இருக்கின்றன.

சரி, இதற்கும் மஞ்சளுக்கும் மாதுளைக்கும் என்ன தொடர்பு? "ஸ்டெம் செல்லைத் தூண்டும் மூலிகை" என்ற பெயரில் பொடியும் மாத்திரையும் இன்று தாராளமாக விற்கின்றன. செடியில் சத்து இருக்கிறது, அதைச் சாப்பிட்டால் ஸ்டெம் செல் வலுப்பெறும் என்பதுதான் அவற்றின் வாதம். உண்மை வேறு மாதிரியானது, அதைவிடச் சுவையானதும்கூட. இதுவரை நன்றாக ஆராயப்பட்ட தாவர வேதிப்பொருள்களில் பல, ஸ்டெம் செல்லுக்கு உணவாகப் போவதில்லை. அவை செல்லின் ஆற்றல் உற்பத்திக்கு ஓர் இடைஞ்சலாகப் போகின்றன. அந்த இடைஞ்சலைச் சமாளிக்க செல் என்ன செய்கிறதோ, அதுதான் நாம் பார்க்கும் "பலன்". இதைப் புரிந்துகொள்ள, முதலில் ஸ்டெம் செல் எதை எரித்து வாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வழிகள்

குளுக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்க ஒரு செல்லுக்கு இரண்டு வழி உண்டு. முதலாவது, ஆக்சிஜன் துணையே இல்லாமல் குளுக்கோஸைப் பாதியாக உடைப்பது. இதற்குக் கிளைக்காலிசிஸ் என்று பெயர். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு நிகரமாக 2 ஏ.டி.பி. கிடைக்கும். செல்லின் எல்லா வேலைகளுக்கும் ஆற்றல் தரும் மூலக்கூறுதான் ஏ.டி.பி. இரண்டாவது வழியில், உடைந்த துண்டுகள் செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், ஆக்சிஜனைப் பயன்படுத்தி முழுவதுமாக எரிக்கப்படும். அப்போது மொத்தம் 30 முதல் 32 ஏ.டி.பி. வரை கிடைக்கும்.

கணக்குப்படி இரண்டாவதுதான் லாபம். ஆனால் ஓய்வில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல் பெரும்பாலும் முதல் வழியிலேயே காலம் தள்ளுகிறது. அது குடியிருக்கும் இடமும் அதற்கு ஏற்றதுதான். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். மஜ்ஜையின் உள் மூலைகள் சிலவற்றில் அது 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

லாபமான வழியை ஏன் விடுகிறது? மைட்டோகாண்ட்ரியாவில் எரியும்போது ஆக்சிஜனின் ஒரு சிறு பகுதி அரைகுறையாக வினைபுரிந்து, எதையும் தாக்கும் வடிவங்களாகத் தெறிக்கிறது. அவை டி.என்.ஏ.வைச் சிதைக்கும். தோலின் மேற்பரப்பில் இருக்கும் செல்லுக்கு இப்படி நேர்ந்தால் பெரிய நட்டமில்லை, சில வாரத்தில் அது உதிர்ந்துவிடும். ஸ்டெம் செல்லுக்கு நேர்ந்தால், அதிலிருந்து பிறக்கும் அத்தனை செல்களுக்கும் அந்தப் பிழை போய்ச் சேரும். வீட்டில் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்கக் கூடாது என்பார்களே, உடலும் இந்தச் செல்களை அப்படித்தான் ஒதுக்கிவைத்துக் காக்கிறது.

ஜப்பானில் கெய்சுகே இட்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004, 2006 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஏ.டி.எம். என்ற மரபணு நீக்கப்பட்ட எலிகளில் இந்தத் தாக்கும் ஆக்சிஜன் மிகுந்தது. ரத்த ஸ்டெம் செல்கள் ஓய்வை இழந்து, பிரிந்து பிரிந்து தீர்ந்துபோயின. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது நிலைமை மீண்டது.

இதைப் படித்ததும், "அப்படியானால் ஆன்ட்டி-ஆக்சிடன்ட் நிறையச் சாப்பிட்டால் போதுமே" என்று தோன்றும். தோன்றுவது இயல்பு, ஆனால் தவறு. தாக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும். பழ ஈக்களில் ரத்த அணுக்களின் முன்னோடிகள் முதிர்ந்த அணுக்களாக மாறுவதற்கே அது ஒரு சமிக்ஞையாக வேலை செய்கிறது என்று 2009-ல் கண்டார்கள். அதை முழுக்கத் துடைத்துவிட்டால் மாற வேண்டிய செல் மாறாமலே இருந்துவிடும்.

இன்னொன்றும் முக்கியம். எரிபொருள் மாறுவது செல் மாறியதன் விளைவு மட்டுமல்ல, சில இடங்களில் அதுவே முன்னால் போகிறது. தோல் போன்ற முதிர்ந்த செல்லை மீண்டும் ஸ்டெம் செல்லாக்கும் முறையை ஷின்யா யமனாகா 2006-ல் காட்டினார். 2012-ல் நோபல் பரிசும் பெற்றார். அந்த மாற்றத்தைப் படிப்படியாகக் கவனித்தவர்கள், ஸ்டெம் செல்லுக்கு உரிய மரபணுக்கள் விழிப்பதற்கு முன்பே அந்தச் செல் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு கிளைக்காலிசிஸ் பக்கம் சாய்ந்துவிடுவதைக் கண்டார்கள். எதை எரிக்கிறது என்பது எதுவாக ஆகிறது என்பதைத் தீர்மானிப்பதில் பங்கெடுக்கிறது. வளர்சிதை மாற்றத்தைத் தொடும் ஒரு வேதிப்பொருள் ஸ்டெம் செல்லின் போக்கையே மாற்ற முடிவது இதனால்தான்.

ஆடுகளைக் கொன்ற செடி

செடிக்குக் கால் கிடையாது. பூஞ்சை பிடித்தாலும் புழு கடித்தாலும் ஆடு மேய்ந்தாலும் ஓட முடியாது. அதனால் வேதிப்பொருள்களால் தன்னைக் காத்துக்கொள்கிறது. திராட்சையைப் பூஞ்சை தாக்கும்போது தோலில் ரெஸ்வெரட்ரால் கூடுகிறது. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் நுண்ணுயிர்களை ஒடுக்குகிறது. இவை நமக்காக உண்டானவை அல்ல. செடியின் எதிரிகளுடைய செல்களுக்கு இடைஞ்சல் தருவதற்காக உண்டானவை. எல்லா உயிர்களின் செல்லும் அடிப்படையில் ஒரே விதமாக ஆற்றல் எடுப்பதால், பூஞ்சைக்கும் புழுவுக்கும் வைத்த பொறியில் நம் செல்லும் கொஞ்சம் மாட்டுகிறது.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கலேகா அஃபிசினாலிஸ் என்ற ஐரோப்பியச் செடி. ஊதாப் பூ பூக்கும் அவரைக் குடும்பத்துச் செடி. இடைக்கால ஐரோப்பாவில் நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டது. 1891-ல் கால்நடைத் தீவனமாகலாம் என்ற எண்ணத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அது தீவனமாகவில்லை. ஆடுகளுக்கு நஞ்சானது, வயல்களில் களையாகவும் பரவியது. அந்த நஞ்சின் பெயர் கலேகின். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை அதற்கு இருந்ததால் 1920-களில் நீரிழிவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் தாங்கவில்லை, கைவிட்டார்கள். அதே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்த, இன்னும் மென்மையான ஒரு பொருளை 1922-ல் டப்ளினில் ஆய்வகத்தில் தயாரித்தார்கள். நீண்ட காலம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. 1957-ல் பிரான்சின் ழான் ஸ்டெர்ன் அதை நீரிழிவு மருந்தாக அறிமுகம் செய்தார். அதுதான் மெட்ஃபார்மின். இன்று நம் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது காலையிலும் இரவிலும் போட்டுக்கொள்ளும் அதே மாத்திரை.

மெட்ஃபார்மின் செல்லுக்குள் செய்யும் முக்கிய வேலைகளில் ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தித் தொடரில் முதல் கட்டத்தை லேசாகத் தடுப்பது. அந்த இடத்துக்கு முதலாம் கூட்டமைப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அங்கே தடை விழுந்ததும் ஏ.டி.பி. குறைகிறது. அதை உணர்ந்து ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழிக்கிறது. செல்லில் எரிபொருள் குறையும்போது வேலைக்கு வரும் நொதி இது. புதிதாகக் கொழுப்பு, புரதம் கட்டும் வேலைகளை நிறுத்திவைக்கும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவைக் கழித்துவிடச் சொல்லும். ஒரு வரியில் சொன்னால், உண்மையில் பட்டினி இல்லாதபோதும் பட்டினி வந்துவிட்டது என்று செல்லை நினைக்கவைக்கிறது.

இனி ஸ்டெம் செல்லுக்கு வருவோம். 2012-ல் டொரோண்டோவில் ஃப்ரெடா மில்லரின் குழு, மெட்ஃபார்மின் கொடுத்த எலிகளின் மூளையில் ஸ்டெம் செல்களிலிருந்து புதிய நரம்பு செல்கள் உருவாவது கூடுவதையும், இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் மேம்படுவதையும் காட்டியது. 2019-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராபின் ஃபிராங்க்ளின் குழு செய்தது எனக்கு இன்னும் பிடித்த ஆய்வு. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு. அது சிதைந்தால் மூளையில் இருக்கும் ஒரு வகை முன்னோடி செல்கள் புது உறையை நெய்யும். வயதான எலிகளில் இந்தத் திறன் மங்கிவிடுகிறது. மூளையில் அந்தச் செல்கள் இல்லாமல் போவதால் அல்ல, இருந்தும் அவை சமிக்ஞைக்குச் செவிசாய்க்காமல் போவதால். ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்டபோது அந்த வயதான எலிகளில் திறன் மீண்டது. மெட்ஃபார்மின் கொடுத்தபோதும் அதேபோல் மீண்டது.

பட்டினியும் மாத்திரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்பதைக் கவனியுங்கள். மெட்ஃபார்மின் அந்தச் செல்லுக்குச் சத்தாகப் போகவில்லை. ஒரு தட்டுப்பாட்டை உண்டாக்கியது, செல் அதற்குப் பதில் சொன்னது.

மரமஞ்சளின் பெர்பெரினும் இதே முதலாம் கூட்டமைப்பைத்தான் தடுக்கிறது, இதே ஏ.எம்.பி.கே.வை எழுப்புகிறது. வேதி அமைப்பில் இரண்டுக்கும் உறவே இல்லை. ஆனால் கைவைக்கும் இடம் ஒன்று. கொழுப்பு செல்களாக மாறும் முன்னோடி செல்களைப் பெர்பெரினில் வளர்த்தால் அவை கொழுப்பு செல்லாக முதிர்வது குறைகிறது. இதைப் படித்துவிட்டு மரமஞ்சளைத் தேடிக் கிளம்ப வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் அந்தக் கொடி வெட்டி வெட்டி அருகிவிட்டது.

ரெஸ்வெரட்ரால் சொல்லித்தரும் பாடம்

சிவப்புத் திராட்சைத் தோலிலும் நிலக்கடலையிலும் ரெஸ்வெரட்ரால் சிறு அளவில் இருக்கிறது. 1939-ல் ஜப்பானின் மிச்சியோ தகவோகா வெள்ளை ஹெல்லிபோர் வகைச் செடி ஒன்றிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார். 2003-ல், வயோதிகத்தோடு தொடர்புடைய சர்ட்-1 என்ற நொதியை இது நேரடியாகத் தூண்டுகிறது என்று ஓர் ஆய்வு வந்ததும் உலகமே பரபரத்தது. 2008-ல் இந்த வகை மருந்துகளை உருவாக்கிவந்த ஒரு சிறு நிறுவனத்தைப் பெரிய மருந்து நிறுவனம் ஒன்று 72 கோடி டாலருக்கு வாங்கியது.

பிறகு சந்தேகங்கள் வந்தன. சோதனைக் குழாயில் தெரிந்த தூண்டுதல், அளப்பதற்காக ஒட்டிய ஒளிரும் வேதிப்பொருளால் வந்த மாயை என்று சிலர் காட்டினார்கள். அதற்கு எதிர்வாதமும் வந்தது. 2012-ல் வேறொரு குழு, ரெஸ்வெரட்ரால் முதலில் பி.டி.இ. என்ற நொதிகளைத் தடுக்கிறது, அதன் தொடர்விளைவாகவே ஏ.எம்.பி.கே.வும் சர்ட்-1-ம் விழிக்கின்றன என்று விளக்கியது. சாதாரண உணவு உண்ட எலிகளின் ஆயுளை அது நீட்டவில்லை என்பதும் தெரியவந்தது.

ஸ்டெம் செல் பக்கம் வந்தால், எலும்பு மஜ்ஜையின் மெசன்கைமல் ஸ்டெம் செல் எலும்பு செல்லாகவும் ஆகலாம், கொழுப்பு செல்லாகவும் ஆகலாம். ஆய்வகத் தட்டில் ரெஸ்வெரட்ரால் சேர்த்தால் அது எலும்புப் பக்கம் சாய்கிறது. வயதாக வயதாக மஜ்ஜையில் கொழுப்பு கூடி எலும்பு மெலிவதைப் பார்க்கும்போது இது முக்கியமான தடம்தான். ஆனால் தட்டில் இருக்கும் செல்லைச் சுற்றி ஊற்றும் அளவு, நாம் விழுங்கும் ரெஸ்வெரட்ரால் ரத்தத்தில் எட்டும் அளவைவிட மிக அதிகம். குடல் அதை நன்றாகவே உறிஞ்சுகிறது. ஆனால் குடல் சுவரும் கல்லீரலும் உடனே அதோடு வேறு மூலக்கூறுகளை ஒட்டி வெளியேற்றத் தொடங்கிவிடுகின்றன. மாறாத வடிவில் ரத்தத்தில் மிஞ்சுவது மிகச் சொற்பம். மூலிகை விளம்பரங்கள் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்தத் தட்டு ஆய்வைத்தான் காட்டுகின்றன.

மஞ்சளின் குர்குமினுக்கும் இதே கதிதான். மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதம். மூளை ஸ்டெம் செல்களில் 2008-ல் செய்த ஓர் ஆய்வில், மிகக் குறைந்த செறிவில் குர்குமின் செல் பெருக்கத்தைத் தூண்டியது, அதிகச் செறிவில் அதே செல்களைக் கொன்றது. இடைஞ்சல் லேசாக இருந்தால் செல் சமாளிக்கிறது, மிஞ்சினால் சாகிறது. "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்ற கணக்கு இந்தப் பொருள்களிடம் செல்லுபடியாகாது.

மாதுளை: இடையில் ஒரு பாக்டீரியா

மாதுளையில் எல்லாஜிடானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. அது அப்படியே ரத்தத்துக்குள் போகாது. பெருங்குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை உடைத்து யுரோலித்தின்-ஏ என்ற சிறு மூலக்கூறாக மாற்றுகின்றன. அதுதான் உள்ளே போகிறது. பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவை செல் தானே விழுங்கிச் செரித்துவிடும் வேலையை அது தூண்டுகிறது என்று 2016-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் புழுக்களிலும் எலிகளிலும் காட்டினார்கள்.

வயதான ரத்த ஸ்டெம் செல்களின் முக்கியச் சிக்கல்களில் ஒன்று இதுதான்: பழைய, ஒழுங்காக வேலை செய்யாத மைட்டோகாண்ட்ரியா கழிக்கப்படாமல் தேங்குவது. 2023-ல் வந்த ஆய்வில், வயதான எலிகளுக்கு யுரோலித்தின்-ஏ கொடுத்தபோது அவற்றின் ரத்த ஸ்டெம் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் நிலை சீரானது, ரத்தத்தைப் புதுப்பிக்கும் திறனும் வைரஸ் தொற்றை எதிர்க்கும் திறனும் கூடின. இந்தத் துறையில் என்னை உண்மையாகவே நம்பிக்கை கொள்ளவைக்கும் தடங்களில் இது ஒன்று. ஏனென்றால் இங்கே "எது, எங்கே, எப்படி" என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

ஆனால் எல்லோர் குடலிலும் அந்த பாக்டீரியாக்கள் இல்லை. ஒரே பழத்தை இரண்டு பேர் பகிர்ந்து தின்றாலும், ஒருவர் உடலில் யுரோலித்தின்-ஏ கணிசமாக உண்டாகும், இன்னொருவர் உடலில் ஏறக்குறைய ஒன்றுமே உண்டாகாது. மாதுளை நல்ல பழம், சாப்பிடலாம். அதை ஸ்டெம் செல் மருந்து என்று அழைப்பதற்குத்தான் இன்னும் காலம் இருக்கிறது.

நேரடியாக உதவும் ஒன்று

இடைஞ்சல் வழியில் வராத, உண்மையாகவே ஸ்டெம் செல்லுக்குத் தேவையான தாவரப் பொருளும் உண்டு: வைட்டமின் சி. எலிகள் இதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். மனிதர்களிடம் அதற்கான மரபணு பழுதாகிப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் கொய்யா, நெல்லி, எலுமிச்சையை நம்பி இருக்கிறோம். 2017-ல் அமெரிக்காவில் ஷான் மாரிசன் குழு, மஜ்ஜையில் ரத்த ஸ்டெம் செல்களிடம்தான் வைட்டமின் சி மிக அதிகமாக இருப்பதையும், அவை முதிர முதிர அது குறைவதையும் கண்டது. டெட்-2 என்ற நொதி டி.என்.ஏ.வின் மேல் இருக்கும் சில வேதிக் குறிகளை அழித்து, எந்த மரபணு பேச வேண்டும் என்பதை மாற்றுகிறது. அதற்கு வைட்டமின் சி துணை வேண்டும். வைட்டமின் சி-யைத் தாங்களே தயாரிக்க முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளில் அதைக் குறைத்தபோது ஸ்டெம் செல்கள் எண்ணிக்கையில் கூடின. கேட்க நல்ல செய்திபோல இருக்கும், ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும் மரபணுப் பிழை ஏற்கெனவே இருந்த எலிகளில் இந்தக் குறைபாடு நோயை விரைவுபடுத்தியது.

ஸ்டெம் செல் "கூடுவது" எப்போதும் நன்மை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இந்தத் தேவைக்கு மாத்திரையும் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

கடையில் நிற்கும்போது

"ஆப்பிள் ஸ்டெம் செல்" சேர்த்த முகப்பூச்சுகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆப்பிளின் ஸ்டெம் செல் ஆப்பிளுக்குத்தான் இலையும் கிளையும் தரும். அதன் சாறு நம் தோலின் ஸ்டெம் செல்லாக மாறாது. அதில் இருக்கும் செல்களும் உயிரோடு இல்லை.

மாத்திரைகளில் கவனிக்க வேண்டியது குர்குமினோடு மிளகின் பைப்பெரினைச் சேர்த்து விற்பவை. 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பெரின் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் அளவு பல மடங்கு கூடியது. கல்லீரலும் குடலும் அதை வெளியேற்றும் வேலையைப் பைப்பெரின் மட்டுப்படுத்துகிறது. குழம்பில் தட்டிப் போடும் மிளகைப் பற்றிப் பேசவில்லை, செறிவூட்டிய மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன். இத்தகைய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தவிர, பைப்பெரின் குர்குமினோடு மட்டும் நிற்பதில்லை. வலிப்புக்கு எடுக்கும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்தின் ரத்த அளவையும் அது உயர்த்தும். தொடர்ந்து ஏதாவது மருந்து எடுப்பவர், அதிலும் கீமோதெரபியில் இருப்பவர், இந்த மாத்திரை டப்பாவை மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே திறக்க வேண்டும்.